அப்பாவின் நெஞ்சுவலி

ஆவடி
12.2.2005

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். என் நெஞ்சு மட்டும் சொன்னபடி கேட்பதில்லை.

இதய நோய்க்காக நான் கேட்ட ராணுவ ஊன பென்சனைத் தள்ளிவிட்டார்கள். பனிமலையில் காவல் நின்று வந்த நோயைப் பரம்பரை நோய் என்கிறார்கள். மெடிக்கல் போர்டில் வீட்டில் யாருக்காவது உண்டா என்று கேட்டதற்கு, அப்பா மாரடைப்பில் போனார் என்று சொல்லியிருந்தேன். அதையே பிடித்துக்கொண்டார்கள். ஜூலைக்குள் அப்பீல் போடவேண்டும். அப்பாவுக்கு அது வயதான காலத்தில் வந்த வலிதான் என்று காட்டினால் போதுமாம். இறப்புச் சான்றிதழை அனுப்பு. போன கடிதத்துக்கே பதில் போடாத மகாராணி, இதற்காவது போடு.

உன் தம்பி,
சங்கையா

வெம்பக்கோட்டை
22.2.2005

அன்புத் தம்பிக்கு,

சான்றிதழ் இதோடு இருக்கிறது. உட்கார்ந்து படி. அப்பா நெஞ்சுவலியில் சாகவில்லை. தீக்காயம்.

கார்கிலில் சண்டை நடந்தபோது, நீ பிழைத்தால் இருக்கன்குடியில் அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தேன். ஆடிக் கடைசி வெள்ளி, தீபாவளி ஆர்டர் நெருக்கம். நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில், பதிலுக்கு ஓர் ஆளை விட்டுவிட்டுப் போ என்றார்கள். "நீ போயிட்டு வா தாயி, இன்னைக்கி ஒரு நாளு ஒன் எடத்துல நான் உக்காந்துக்கிறேன்" என்றார் அப்பா. நான் கோயிலில் நிற்கையில் இங்கே கம்பெனியில் வெடிமருந்து அறை வெடித்துவிட்டது.

அப்பா நெஞ்சுவலியில் போனார் என்று உனக்குத் தந்தி கொடுக்கச் சொன்னது நான்தான். மலையில் தனியாக நிற்கிற நீ என்ன செய்துகொள்வாயோ என்று பயம். உனக்காக நேர்ந்து அப்பாவைக் கொடுத்துவிட்டேனே என்று அதைவிடப் பயம். நீ வந்த இரண்டு தடவையும் ஊரில் யாரும் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டேன். அந்தப் பொய் உன் பென்சனையே தின்னும் என்று நினைக்கவில்லை.

அதற்கப்புறம் நான் இருக்கன்குடிப் பக்கமே போகவில்லை. மாத்திரையை நேரத்துக்குப் போடு.

அக்கா,
சண்முகத்தாய்

ஆவடி
8.3.2005

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். ஆனாலும் கடிதம் வந்த மூன்றாம் நாள் சான்றிதழை வைத்து அப்பீலைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உன் கடிதத்தை வைக்கவில்லை. அது எனக்கு எழுதியது.

பென்சன் வந்தால் வரட்டும். பரம்பரை நோய் என்று போர்டு எழுதியதிலிருந்து என் மகள் பொன்மணியை நான் ஓடவே விடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாள் என்று அடித்தும்விட்டேன். நேற்று நானே மைதானத்துக்குக் கூட்டிப்போனேன்.

ஒன்றுதான் தாங்கவில்லை. லீவில் நான் வந்து நின்றபோதெல்லாம் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போனாய். என் மேல் பாசம் விட்டுப்போச்சு என்றே இத்தனை வருசம் நினைத்திருந்தேன்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு வருகிறேன். நடக்க நெஞ்சு விடாது. சாத்தூரிலிருந்து இருக்கன்குடிக்குப் பஸ்ஸில் போவோம். நீ நேர்ந்தபடி நான் உயிரோடுதான் வந்திருக்கிறேன் அக்கா. இந்தத் தடவையாவது என் முகத்தைப் பார்.

சங்கையா