கோணல் தையல்

நவம்பர் 7, திங்கள்
துறைமுகத்தில் பெட்டி சரிந்து வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நசுங்கி இன்றோடு பத்து நாள். கார்னிவலுக்கு மூன்றரை மாதம்தான். என் உடையின் நெஞ்சுத் துணியில் வரைந்த கழுகில் பாதிகூடப் பாசிமணி ஏறவில்லை. எங்கள் ஊர்வலக் குழுவின் தலைவன் நான்; ஒவ்வொரு வருடமும் புது உடை இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. அதையும் நானே தைத்திருக்க வேண்டும்.
ஓரலி பீன்ஸ் சோற்றை ஊட்ட வந்தாள். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டேன். மனைவி என்றால் தாதியா?

நவம்பர் 9
இடது கையால் முயன்றேன். மாலை முழுக்கச் சேர்த்துப் பதினோரு பாசி.

டிசம்பர் 12
மருத்துவமனையிலிருந்து திரும்பினால், கழுகின் இறக்கை முடிந்திருக்கிறது. வரிசை வரிசையாக, அத்தனை நேர்த்தி. ஓரலி வேலை! கத்தரிக்கோலை எடுத்து அந்தத் தையல் முழுவதையும் வெட்டினேன்.
"ஒருத்தருக்கும் தெரியப் போறதில்லடா, பைத்தியக்காரா!"
"எனக்குத் தெரியுமே!"
அழுதாள். தரையெல்லாம் பாசி. சே, நானெல்லாம் ஒரு மனுஷனா?

டிசம்பர் 13
பாசியைக் கூட்டி அள்ளி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள்.

ஜனவரி 18
சின்னப் பாசி இடது கையில் நிற்பதில்லை. பெரிய கண்ணாடி மணிகள் வாங்கினேன். அதில் கழுகு கோழியாகிறது. பிரித்தாயிற்று. அந்த இடத்தில் எங்கள் ஆற்றைத் தைக்கிறேன். அதுவும் நேராக ஓடுவதில்லை.

பிப்ரவரி 14
முடிதிருத்தும் கடையில் எதிர்க் குழுத் தலைவன் மார்சலின் சொன்னானாம்: "அவனுக்கு ஏது கை? பொண்டாட்டி தைச்சதைத்தான் மாட்டிக்கிட்டு வருவான்."
ஓரலி கேட்டுவிட்டுச் சிரித்தாள். டிசம்பருக்குப் பிறகு இன்றுதான்.

பிப்ரவரி 21, கார்னிவல்
தெருமுனையில் மார்சலின். மஞ்சள் இறகு, அளவுகோல் வைத்த மாதிரி தையல். மேளம் நின்றது. என் நெஞ்சருகே குனிந்து வெகுநேரம் பார்த்தான்.
"யோவ், இவ்வளவு கோணலா எவன் பொண்டாட்டியும் தைக்க மாட்டா. இது உன் கைதான்." பிறகு மெதுவாக, "ஆனா தண்ணி ஓடுதுய்யா."
எங்களில் தலைவனுக்குத் தலைவன் தலை தாழ்த்துவதில்லை. அவன் தாழ்த்தினான். அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

மே 9
விரல்கள் நன்றாக மடங்குகின்றன, இனி வலது கையாலேயே தைக்கலாம் என்றார் மருத்துவர். வந்ததும் அடுத்த வருட உடைக்குத் துணியை விரித்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள் கழுகின் அலகு முடிந்தது, பழையபடி நேராக.
"அழகாத்தானே இருக்கு?" என்றாள் ஓரலி.
அழகாகத்தான் இருந்தது. வேறு யாரோ தைத்த மாதிரியும் இருந்தது. பிரித்துவிட்டு ஊசியை இடது கைக்கு மாற்றினேன்.