யார்க்கில் கொடுத்த டீக்காசு

சிதம்பரம்
12.9.2010

அன்பு மகள் கனிமொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம், உன் அப்பாவுக்கு மட்டும் சளி. நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று நடராஜரை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை விட முடியுமா. போனில் பேசினால் நீ அழுதே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை உன் சிநேகிதி சிந்துஜா, அங்கிருந்து லீவில் வந்தவள், கல்யாணப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தாள். காபி குடித்துக்கொண்டே, உங்க மாப்பிள்ளை இன்னும் உங்க புளிச்சோத்தையே சொல்லிக்கினு இருக்காரு ஆன்ட்டி என்றாள். எந்த மாப்பிள்ளை என்றேன். அவள் முகம் சுண்டிப்போனது. அப்புறம் நான் விடவில்லை. பொங்கலுக்கு முன்னாலேயே நீயும் அந்தச் செம்பியனும் ரிஜிஸ்டர் பண்ணிக்கொண்டீர்களாம். நானும் அப்பாவும் பிளேன் ஏறி உன்னைப் பார்க்க அங்கே வந்தது மே மாசம்.

யார்க்குக்குக் கூட்டிப்போனாயே, ஸ்டேஷனில் காத்திருந்த இதே செம்பியனை என்ன சொல்லிக் காட்டினாய்? இங்கே படிக்கிறார், லீவு நாளில் ஊர் சுற்றிக் காட்டும் கைடு என்றாய். கடலூர்ப் பிள்ளை என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். கோட்டைச் சுவர்மேல் நடக்கும்போது முட்டி வலித்து நான் நின்ற இடத்திலெல்லாம் கூடவே நின்றது, படி இறங்கக் கை கொடுத்தது, பையைத் தூக்கி வந்தது. எதிரெதிர் வீட்டு மாடிகள் முட்டிக்கொள்கிற மாதிரி ஒரு சந்து இருந்ததே, அங்கே நின்றுதான் உனக்கு வரன் தேடும் கவலையெல்லாம் அந்தப் பிள்ளையிடமே கொட்டினேன், நெய்வேலி ஜாதகம் பொருந்தாமல் போனது வரைக்கும். நல்ல இடமா இருந்தா சொல்லுப்பா என்று வேறு கேட்டேன். நீ கடைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உனக்கு எப்படியடி மனசு வந்தது?

ஆற்றங்கரையில் நான் கட்டி வந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டபோது அந்தப் பிள்ளையின் தட்டில் கிடந்த முந்திரியை நீ எடுத்து வாயில் போட்டாய். எச்சில் தட்டில் கை வைக்காதே என்று அதட்டினேன், நீ சிரித்தாய். காடாம்புலியூரிலிருந்து உனக்காக நான் சுமந்து வந்த முந்திரி அது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா, பெற்ற பெண்ணைச் சந்தேகப்பட எனக்குத் தெரியவில்லை.

ரயில் ஏறும்போது நான் செய்ததை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. நாள் முழுக்க அலைந்த பிள்ளையாச்சே என்று ஐந்து பவுண்டு நோட்டை மடித்துக் கையில் திணித்து, டீ குடிப்பா என்றேன். அந்தப் பிள்ளை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்தது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பணிவா என்று வழியெல்லாம் உன்னிடமே சொல்லிக்கொண்டு வந்தேன். மருமகனுக்கு மோதிரம் போடுவார்கள், வேட்டி வைத்துக் கொடுப்பார்கள், டீக்காசு கொடுத்த மாமியார் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான்.

சாதி, சாமி பார்த்து அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று பயந்தாயாம். ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்தான். கத்தியிருப்பேன், சோறு தண்ணி இல்லாமல் படுத்திருப்பேன், அப்புறம் எழுந்திருப்பேன். அந்தச் சண்டையைப் போடக்கூட நீ எனக்கு இடம் வைக்கவில்லையே.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. யார்க்கில் ஒரு தங்கமான பிள்ளை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, அதற்குப் பெண் பார்க்கச் சொல்லிக் கடலூரில் தரகரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அவரிடம் நீதான் சொல்ல வேண்டும். உனக்காக நான் வாயைத் திறக்க மாட்டேன்.

குளிர் வருகிறது, காதை மூடிக்கொள். தலைக்கு எண்ணெய் வை. எங்கிருந்தாலும் மஞ்சள் குங்குமத்தோடு நன்றாக இரு, இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், இருந்தாலும் மனசார எழுதுகிறேன். தீபாவளி நவம்பர் ஐந்து. உங்களுக்குத் தலைதீபாவளி. அந்த ஐந்து பவுண்டு நோட்டை அந்தப் பிள்ளை இன்னும் செலவழிக்காமல் வைத்திருப்பதாகச் சிந்துஜா சொன்னாள். அதை எடுத்துக்கொண்டு வரச் சொல். என் கையில் அது திரும்பி வந்த பிறகுதான் அந்தக் கையில் வேட்டியை வைப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
தில்லையம்மாள் கொளஞ்சியப்பன்