மரற்றித் தரவும்

மார்ச் 3

பக்க வடிவமைப்பு மென்பொருள் கம்பெனியிலிருந்து மெயில். தலைப்பு: "உங்களுக்கு ஒரு நல்ல செய்தி." அப்போதே உஷாராகிவிட்டேன். கேட்காமலேயே நல்ல செய்தி சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. எவ்வளவு பழைய பதிப்பு வைத்திருந்தாலும் இதுவரை பாதி விலையில் புதியதற்கு மாறலாம். இந்த 31-ஆம் தேதிக்குப் பிறகு, இதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. மற்றவர்களுக்கு முழு விலை. எங்களுடையது நான்கு பதிப்பு பழசு. இதில் நல்ல செய்தி யாருக்கு?

தங்கையிடம் காட்டினேன். அவளும் நானும்தான் இந்த ஆபீஸ். பன்னிரண்டு வருஷமாக எதிரெதிர் மேஜை. நான் புத்தகம் வடிவமைக்கிறேன், அவள் மெய்ப்பு பார்க்கிறாள். "அண்ணா, இந்த மாசத்துக்குள்ள மாறிடலாம்" என்றாள். உடனே சொன்னாள். யோசிக்கவே இல்லை.

மார்ச் 5

மென்பொருள் விற்பனைக்காரர் வந்தார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் 'சிரிப்பு'. விலை சொல்லும்போதும் சிரிக்கிற மனிதர்.

"சார், ஒரு சின்ன விஷயம். லைசென்ஸ் உங்க பேர்ல இல்லையே. ரெண்டு வருஷம் முன்னாடியே உங்க தங்கச்சி பேருக்கு மாத்தியிருக்கு. அவங்க கையெழுத்துப் போட்டாத்தான் அப்கிரேட்."

அவள் அச்சகத்துக்குப் போயிருந்தாள். நல்லவேளை, என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நான் வாங்கியது, என் பெயரில் வாங்கியது. தானாகவா மாறும்? மாற்றச் சொன்ன கடிதத்தின் காப்பி வேண்டும் என்றேன். கேட்டு அனுப்புகிறேன் என்று சிரித்தார்.

மார்ச் 9

போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்ப் பேசுகிறாள். இன்று மூன்று தடவை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் கதவருகே நின்றேன். "புதுசுல எல்லாம் சரியா வருமா?... அண்ணனுக்கு இப்ப தெரிய வேண்டாம்." இவ்வளவுதான் காதில் விழுந்தது.

இது போதாதா? லைசென்ஸ் அவள் பெயரில். பாதி விலையில் புதிய பதிப்பு. அப்புறம் புதுசாக ஒரு ஆபீஸ். அண்ணன் முழு விலை கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும் — அப்படித்தானே?

மார்ச் 10

அவள் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். நான்கு சிவப்புப் பேனா, ஒரு தலைவலித் தைலம். எனக்கே வெட்கமாக இருந்தது, மூடினேன். சாயங்காலம் இன்னொரு தடவை திறந்து பார்த்தேன்.

மார்ச் 13

கேட்டுவிட்டேன். நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன்.

"என் பேர்லயா? யாரு மாத்தினா?"

"நடிக்காத. யார் காதுல பூ சுத்துற?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. ஆபீஸ் சாவியைக் கழற்றி என் கீபோர்டு மேல் வைத்தாள். "பன்னெண்டு வருஷமா உன் பிழையத் திருத்தினேன். இதையும் நான்தான் திருத்தணுமா?" என்றாள். போய்விட்டாள்.

போகட்டும்! நான் என்ன தப்பா கேட்டுட்டேன்? கேட்கக் கூடாதா?

மார்ச் 14

வந்ததும் பழக்கத்தில் எதிர் மேஜை விளக்கைப் போட்டேன். அணைத்தேன்.

மார்ச் 18

'சிரிப்பு' அந்தக் கடிதத்தின் காப்பியை அனுப்பிவிட்டார். கையும் களவுமாகப் பிடிக்கப்போகிற ஜோரில் அச்சிட்டு எடுத்தேன். ஆபீஸ் மெயிலிலிருந்து போயிருக்கிறது, அது இருவருக்கும் பொது. மூன்றாவது வரி: "என் தங்கையின் பெயருக்கு மரற்றித் தரவும்."

மரற்றி.

எங்கள் பழைய தட்டச்சு முறையில் துணைக்காலும் 'ர'வும் அக்கம்பக்கத்து எழுத்துகள். கால் வர வேண்டிய இடத்தில் 'ர' அடிப்பது என் தீராத வியாதி. திரையில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். அவள் கையில் அந்தப் பிழை ஒருநாளும் வந்ததில்லை.

தேதியைப் பார்த்தேன். என் பித்தப்பை ஆபரேஷனுக்கு முந்தின நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, பயந்து பயந்து அடித்தது நான்தான். நான் எழுந்து வராவிட்டால் அவள் வேலை நின்றுவிடக் கூடாதே என்று. எழுந்து வந்தேன், அடியோடு மறந்தேன். சீ, என்ன மனுஷன்டா நீ.

மார்ச் 19

அவள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார். "மச்சான், உங்க பழைய ஃபைலெல்லாம் புதுசுல திறக்குமான்னு நாலு இடத்துல விசாரிச்சுக்கிட்டிருந்தா. திறக்காதுன்னா நீங்க பதறுவீங்களேன்னுதான் வெளிய போய்ப் பேசியிருக்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் உள்ளே இருந்தாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது, வெளியே வரவில்லை. அந்தக் கடிதக் காப்பியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 31

கடைசி நாள். கையெழுத்துப் போட்ட படிவத்தை மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்தார். அவள் வரவில்லை.

ஏப்ரல் 4

புதிய பதிப்பில் பிழை காட்டும் வசதி இருக்கிறது. என் 'ர' ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புக் கோடு. இனி யாரும் பார்த்துத் தர வேண்டாமாம். அந்த வசதியை அணைத்துவிட்டேன். புதுப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை அப்படியே அச்சிட்டு அவள் வீட்டுக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 6

மெய்ப்பு திரும்பி வந்தது. ஒரு பக்கம் விடாமல் சிவப்பு மை. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் அவள் கையெழுத்தில்: "பதினோரு இடத்துல துணைக்கால் இல்ல. சாவியக் கொடுத்தனுப்பு."