துப்பாக்கிக்குள் ஊற்றிய கந்தகம்

பாய்,

இன்று காலை தோட்டத்துக்குக் கொடுக்கக் கந்தக மூட்டையைப் பிரித்தேன். சாமி படத்துக்குக் காட்டிய சூடத்தின் புகை இன்னும் கடைக்குள் நின்றது. இரண்டும் கலந்த வாடை வந்ததும் பின்கட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். நீங்கள் துப்பாக்கி பழுதுபார்த்த பட்டறை மேசையில் இப்போது ஆணிப் பெட்டிகள். இடத்தைச் சும்மா விடுகிற ஆள் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

நம் கிராணியின் ரைஃபிள் நினைவுக்கு வந்தது. தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதிய அவர், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கியது அது. குழாயின் மேல் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்கு வந்த அன்று மாலை பன்றி வேட்டைக்கு லோரி கிளம்புகிறது. ஒரு தோட்டாவைக் காட்டி, "இதே மாதிரி ஒரு பெட்டி குடுங்க" என்றார். என்னிடம் இருந்தது. எடுக்கக் கையை நீட்டினேன்.

"பொறுங்க தவுக்கே."

சீன முதலாளிகளைக் கூப்பிடுகிற பெயரை, என் கையைப் பிடித்து நிறுத்த வேண்டிய நேரத்தில் மட்டும் எனக்கு வைப்பீர்கள்.

குழாய்க்குள் துணியை அடைத்து, தோட்டா உட்காரும் அறையைத் துடைத்தீர்கள். கந்தகத்தை மெல்லிய தணலில் உருக்கி, விளக்குக் கரியும் துளி சூடமும் கலந்து உள்ளே ஊற்றினீர்கள். இறுகியதும் முன்வாயில் கம்பியை விட்டுத் தட்ட, கறுத்த விரல் மாதிரி அந்த அறையின் அச்சு வெளியே வந்தது. பக்கத்தில் கிராணியின் தோட்டாவை நிறுத்தினீர்கள். அளவுகோலே தேவைப்படவில்லை, தோட்டா அத்தனை ஒல்லி.

"உள்ள லொடலொடன்னு நிக்குது. சுட்டா பித்தளை கிழியும். நெருப்பு பின்னால உங்க கண்ணுக்கு வரும்."

"போன வாரம் சுட்டேனே பாய், ஒன்னும் ஆகல லா!"

"அது போன வாரம்."

கிராணி கேட்கவில்லை. அவர் பையில் மிச்சத் தோட்டாக்கள் இருந்தன. "நீங்க விக்காட்டி போங்க. என் துப்பாக்கிய குடுங்க." அவர் பொருள், எப்படி மறுப்பது?

"தரேன். ஆனா கந்தகத்த ஊத்துனது நானு. அப்படியே விட்டா இந்த ஊரு ஈரத்துல இரும்பத் தின்னுடும். கழுவித் தரேன்."

கொதிநீர் ஊற்றினீர்கள், பிரஷ் விட்டுத் தேய்த்தீர்கள், துணியைச் செலுத்தி இழுத்தீர்கள். துணி கறுப்பாக வந்தது, மஞ்சளாக வந்தது, அப்புறம் வெள்ளையாக வந்தது. அந்த வெள்ளைத் துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, "இன்னும் போகல" என்று மறுபடி தண்ணீரை அடுப்பில் ஏற்றினீர்கள். கிராணி வாசலுக்கும் பட்டறைக்கும் நடந்தார். லோரி ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது. அதற்குப் பிறகுதான் எண்ணெய் தடவி நீட்டினீர்கள்.

அந்த அச்சை வைத்துச் சிங்கப்பூரிலிருந்து சரியான தோட்டா வரவழைத்து விற்றேன். அது வேறு கதை.

இன்று கந்தகம் வாங்க வந்தவரே அந்தக் கிராணிதான். என் மேசையில் கிடந்த பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படித்துக்கொண்டே உங்களைத் திட்டினார். "நல்ல மனுசன்தான். ஆனா அப்படி ஒரு மந்தத்த நான் பார்த்ததில்ல. ஒரு துப்பாக்கி கழுவ ஒரு சாயங்காலம்!"

"ஆமாங்க, கொஞ்சம் மெதுவுதான்" என்றேன்.

வெள்ளைத் துணியை நானும் பார்த்தேன், பாய். உங்களிடம்கூட அதைச் சொன்னதில்லை.