நீங்கள் விழுங்காத மாத்திரைகள்

என்னைத் திட்டித் திட்டியே மகளாக்கிக்கொண்ட, இன்று என்னிடம் திட்டு வாங்கப்போகிற என் மாமிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. செத்தவர்களுக்கு வலிக்காது என்கிறார்கள், அதனால் நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நான்தான் சரியில்லை. முதுகெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறதாம். உட்கார்ந்தால் வலி, எழுந்தால் வலி. பாத்திரம் கழுவக் குனிந்தால் இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் சூடு போட்ட மாதிரி இழுக்கிறது. இத்தனை வருடம் கழித்து உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே இந்த வலியால்தான். நல்ல வார்த்தை எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் மகன் போய்ச் சேர்ந்த பிறகு மாயாபந்தர் வீட்டைப் பூட்டிவிட்டு, மகளோடு போர்ட் பிளேருக்கு வந்துவிட்டேன். பத்துபஸ்தியில் வீடு. தலைக்கு மேலேயே பிளேன் இறங்குகிறது. மெயின்லேண்டிலிருந்து காலையில் கிளம்பினவர்கள் மத்தியானம் இங்கே வந்து மீன் வாங்குகிறார்கள். உங்களால் நம்ப முடிகிறதா? கப்பல் வருமா வராதா என்று கப்பல்துறையைப் பார்த்துக்கொண்டே கிடந்த காலமெல்லாம் மலையேறிப் போச்சு மாமி.

இங்கே டாக்டர் எனக்கு ஒரு பிளாஸ்திரி கொடுத்திருக்கிறார். பேட்ச் என்கிறார்கள். தோலில் ஒட்டிக்கொண்டால் அதிலிருக்கிற மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் இறங்கும். மூன்று நாளைக்கு ஒன்று. உங்களுக்குக் கொடுத்தார்களே அபின் மாத்திரை, அதே ஜாதிதான் இதுவும், வீரியம்தான் பல மடங்கு. முதல் பேட்ச் ஒட்டிய மறுநாள், சுவரைப் பிடிக்காமல் நின்று முகம் கழுவினேன். நேராக நின்று! துண்டால் முகத்தைத் துடைக்கும்போது உங்கள் நினைப்பு வந்தது. அழுகை வரும் என்று பார்த்தேன். வந்தது கோபம்.

இப்படியும் இருக்கலாம் என்று தெரிந்த பிறகு வந்த கோபம் அது. இப்படி இருக்கிறதுக்கு மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே நீங்கள் ஏன் அப்படிக் கிடந்தீர்கள்?

நான் கல்யாணமாகி தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி உங்கள் வீட்டுக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். வந்த அன்றே என்னைக் கூட்டிப்போய் உங்கள் உள் அறையைக் காட்டினீர்கள். அது வீடா, கடையா என்றே எனக்குப் புரியவில்லை. அரிசி மூட்டை, கருவாடு, வத்தல், மண்ணெண்ணெய், சோப்பு, தீப்பெட்டி. தீப்பெட்டி நமுத்துப்போகாமல் இருக்க அதையும் அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தீர்கள். நான் வாயைப் பொத்திச் சிரித்தேன்.

“சிரிப்பா இருக்கா ஒனக்கு? கப்பல நம்பாதட்டி. மழ புடிச்சா ஒரு பயலும் வரமாட்டான். இருக்கும்போதே எடுத்து வைக்கணும்” என்றீர்கள்.

பிறகுதான் தெரிந்தது. ஐம்பதுகளில் நீங்கள் இந்தத் தீவுக்கு வந்த புதிதில், மழைக்காலத்தில் உங்கள் முதல் பிள்ளை பிறந்தது. கப்பலும் இல்லை, டாக்டரும் இல்லை. பிள்ளை தங்கவில்லை. “கத்திக் கத்தித் தொண்ட கட்டிப்போச்சு பிள்ள. யாரு வந்தா?” என்று கேட்பீர்கள். கேட்டுவிட்டு உடனே எழுந்து போய் அரிசி மூட்டையைத் தட்டிப் பார்ப்பீர்கள்.

அதெல்லாம் சரி. அரிசியை எடுத்து வையுங்கள், உப்பை எடுத்து வையுங்கள். மருந்தையுமா எடுத்து வைப்பார்கள்?

மார்பில் வந்த கட்டி எலும்புக்கு இறங்கிவிட்டது என்று சொல்லி மெயின்லேண்ட் ஆஸ்பத்திரியில் உங்களைத் திருப்பி அனுப்பினார்கள். நான் அப்போது முழுகாமல் இருந்தேன். மாயாபந்தரில் அன்றிருந்த டாக்டர் அந்த மாத்திரையை எண்ணி எண்ணிக் கொடுத்தார், தன் வீட்டுச் சொத்தைப் பிரித்துக் கொடுக்கிறவர் மாதிரி. காலையும் மாலையும் நான்தான் உங்கள் கையில் மாத்திரையை வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். நீங்கள் வாயில் போட்டு, தலையை அண்ணாந்து, மடக் மடக்கென்று குடித்தீர்கள். “முழுங்கிட்டேன்ட்டி, போ, போய் வேலயப் பாரு” என்று விரட்டினீர்கள். நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அவ்வளவு தெளிவாக எப்படிப் பேசினீர்கள்? மோசக்காரி மாமி நீங்கள்.

மாத்திரைக்கு நோவு கேட்கவே இல்லையே என்று எனக்கு ஒரே பதைப்பு. நீங்கள் போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பீர்கள். ஒரு நாள் தாங்க முடியாமல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். கூட இரண்டு கொடுங்கள், இன்னும் வலி நிற்கவில்லை என்றேன்.

“இது அபின் சரக்கும்மா. கூடக் குடுத்தா பழகிடும்” என்றார் டாக்டர்.

“சாகப்போற மனுஷிக்குப் பழகினா என்ன சார்? பழகிட்டு எங்க போகப்போறாங்க?”

“குடுத்ததெல்லாம் என்ன பண்ணினே? வெளியில விக்கிறியா?”

அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது. அவர் மேஜையில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். வெளியே நின்றிருந்த கூட்டமெல்லாம் எட்டிப் பார்த்தது. உங்களுக்காக நான் கள்ளச் சரக்கு விற்கிறவள் என்று பேர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், நீங்கள் என் முகத்தைப் பார்த்து, “அழாத பிள்ள, எனக்கு அவ்வளவா நோவல” என்றீர்கள். மாமி, மனசாட்சி என்று ஒன்று உங்களுக்கு இருந்ததா?

மழை தொடங்குவதற்கு முன்பே போய்விட்டீர்கள். அடக்கம் முடிந்து வீட்டில் மெழுகுவர்த்தி தேடினேன். உங்கள் கட்டிலுக்கு அடியில் அந்தப் பிஸ்கட் டப்பா இருந்தது. திறந்தால் அரிசி. அரிசியைக் கிளறினால் பஞ்சில் சுற்றி மாத்திரை. ஒன்றா இரண்டா? தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டு பெங்காலி அக்கா மாலதிதான், உங்களிடம் ஹிந்தியும் தமிழும் கலந்து சண்டை போடுவாளே அவள்தான், டப்பாவைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தேரே லியே ரக்கா தா, பெஹன். பாரிஷ் மே ஜஹாஜ் நஹி ஆயா தோ டெலிவரி மே காம் ஆயேகா, போலி.”

உனக்காகத்தான் வைத்திருந்தாள், மழையில் கப்பல் வராவிட்டால் உன் பிரசவத்துக்கு உதவும் என்று சொன்னாள் என்கிறாள்! எனக்காகவாம். உங்களை யார் கேட்டது? என் நோவுக்கு உங்களை யார் காவல் போட்டது?

இன்னும் கேளுங்கள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி நர்ஸிடம் போனேன். மலையாளத்துக்காரி, நல்ல மனுஷி. டப்பாவைக் கையில் வாங்கினவள் அப்படியே நின்றுவிட்டாள். “மோளே, இத நீ பிரசவ நேரத்துல எடுத்தா குழந்தைக்கு மூச்சு நின்னுபோகும்” என்றாள். தெரிந்துகொள்ளுங்கள் மாமி. நீங்கள் எலும்பெல்லாம் நொறுங்கக் கிடந்து சேர்த்தது, உங்கள் பேரப்பிள்ளையின் மூச்சை நிறுத்துகிற மருந்து. உங்களுக்கு மட்டும்தான் அது மருந்து. உங்களுக்கு மட்டும்!

முப்பதாம் நாள் பூசையில் பங்குச் சாமியார் உங்களைப் பற்றி அழகாகப் பேசினார். வேதசாட்சியைப் போலத் தன் வேதனைகளை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார், ஒரு முனகல்கூட இல்லை என்றார். கோவிலில் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். பூசை முடிந்ததும் வெளியே போய் அவரை நிறுத்தினேன்.

“ஒப்புக்கொடுக்கல சாமி. ஒளிச்சு வச்சாங்க” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. உங்கள் மகன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். பொம்பிளை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால் ஊருக்கு எவ்வளவு சந்தோஷம்! நீங்கள் வாய் விட்டுக் கத்தியிருந்தால் யாராவது பிரசங்கம் செய்திருப்பார்களா?

பிரசவம் என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? நல்ல மழை. ஆனால் இடையில் ஒரு வாரம் வெறித்தது, கப்பல் வந்தது, புது லேடி டாக்டரும் அதிலேயே வந்து இறங்கினாள். பட்டப்பகலில், மாலதி வெந்நீர் போட்டுக்கொண்டிருக்கும்போதே பிள்ளை பிறந்துவிட்டது. நான் நன்றாகக் கத்தினேன். உங்களுக்கும் சேர்த்துக் கத்தினேன். பெண் பிள்ளை. கோபத்தோடுதான் உங்கள் பெயரை வைத்தேன். பாக்கியம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அந்தப் பாக்கியம் என் அலமாரியைத் துடைக்கும்போது ஒரு டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாள். உள்ளே பிரிக்காத பேட்ச்கள். மூன்று நாளில் மாற்ற வேண்டியதை நான் ஐந்து நாள், ஆறு நாள் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். மருந்து தீர்ந்த பேட்ச் முதுகில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும், நான் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை தானாக எடுத்து வைக்கிறது. நீங்கள் பழக்கிவிட்ட கை.

“என்னம்மா இது?” என்று கத்தினாள்.

“மருந்து வரலைன்னா?”

“தினமும் பிளேன் வருதும்மா! தலைக்கு மேலதான் போகுது, காது கேக்கலையா ஒனக்கு?”

“வராமப் போச்சுன்னா?”

“யாருக்கும்மா சேத்து வைக்கிற?”

நான் டப்பாவை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவளுக்கும் கொஞ்ச நாளாக இடுப்பு வலி. ஸ்கூலில் நின்றுகொண்டே பாடம் நடத்துகிற வேலை. என் முகத்தைப் பார்த்து அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

“எனக்கா? ஒனக்குப் பழகின மருந்துன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா? இத நான் ஒட்டினா மூச்சு நின்னு செத்துப்போவேன்னு அவர் சொன்னப்ப நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த?”

மாமி, அந்த மலையாளத்து நர்ஸ் சொன்ன அதே வார்த்தை. என் மகள் வாயிலிருந்து வந்தது. டப்பா என் கையிலிருந்து நழுவிவிட்டது.

பாக்கியம் கீழே உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு நீ ஒண்ணும் எடுத்து வைக்க வேண்டாம்மா. ராத்திரி நீ பல்லக் கடிக்கிற சத்தம் என் ரூம் வரைக்கும் கேக்குது. அத நிப்பாட்டு, போதும்” என்றாள்.

அதைக் கேட்ட பிறகுதான் உங்கள் மேல் எனக்கு இருக்கிற கோபம் என்ன என்று விளங்கியது. நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தபோது நானும் அந்தப் பக்கத்து அறையில்தான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். மாத்திரைக்கு நான் ஆசைப்பட்டேனா? நீங்கள் ஒரு நாளாவது வலி இல்லாமல் என்னோடு உட்கார்ந்து சண்டை போட்டிருந்தால், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதைத்தான் எனக்குத் தராமல் போனீர்கள்.

மிச்சமிருந்த பேட்ச்களைப் பாக்கியம் டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவரிடமும் எனக்கு நல்ல திட்டு. இன்றைக்கு மாற்றுகிற நாள். பழையதை உரித்து, ஒட்டுகிற பக்கம் உள்ளே போக மடித்து வைத்தாள். இடம் மாற்றிப் புதியதை ஒட்டி, நன்றாகப் பிடித்துக்கொள்வதற்காக உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றாள். உங்கள் பெயர்க்காரியின் கை, மாமி. உங்கள் முதுகில் அப்படி ஒரு கையை வைக்க நீங்கள் என்னை விடவே இல்லை.

உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன். மூன்றாம் நாள் தவறாமல் மாற்றுவேன். ஒன்றைக்கூட மிச்சம் பிடிக்க மாட்டேன். வலித்தால் வலிக்கிறது என்று இந்த வீடு அதிரக் கத்துவேன், ஒரு சாமியாரும் என்னைப் பற்றிப் பிரசங்கம் வைக்க முடியாதபடி. அங்கே வரும்போது நேராக நிமிர்ந்து நடந்து வந்து உங்கள் முன்னால் நிற்பேன். அப்போது நீங்கள் முதலில் வாயைத் திறந்து காட்ட வேண்டும். நாக்கையும் தூக்கிக் காட்ட வேண்டும்.

தண்ணீர் கொடுத்து ஏமாந்த உங்கள் மருமகள்,
செலின்