பேணிக்குள் வெந்த பனங்களிக் கேக்

12.08.97, செவ்வாய்

விடியவே வெயில். காற்று துளியும் இல்லை. கிணறு வற்றுகிறது.

மேரிக்கு நேற்று மத்தியானம் மறுபடியும் குளிரும் காய்ச்சலும். ஒருநாள் விட்டு ஒருநாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் குத்திப் பார்த்து மலேரியா என்றார்கள். மாத்திரை தந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை, கைப்பு நாக்கில் பட்டதும் சத்தி. தந்ததெல்லாம் அப்படியே வெளியே வந்து வீண். மேரியின் அப்பா வவுனியாவில், திரும்பி வர ஆமியின் பாஸுக்கு நிற்கிறார். யாரோடு யோசிப்பது?

செல்வியின் கோழி நம் கொட்டிலுக்குள் முட்டையிட்டிருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீங்களே வச்சுக்குங்கக்கா" என்றாள். ஹற்றன் மலைப்பக்கத்துச் சனம், பக்கத்துக் காணியில் தோட்டம். நல்லவள், ஆனால் வாய் ஓயாது.

13.08, புதன்

இன்றும் வந்தது. பல்லடிக்கிற சத்தம் குசினிவரை. பிறகு நெருப்பாய்க் கொதித்தது.

சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி. நேர்ஸ் அவாவின் முகமே சரியில்லை. "இதுதான் கடைசி. லொறி வந்தாத்தான் இனி மருந்து. இதையும் சத்தியெடுக்க விடாதேங்கோ. தலைக்கு ஏறினா ஒண்டும் செய்யேலாது."

பின்வளவுப் பிள்ளைக்குத் தலைக்குத்தான் ஏறியது. போன கிழமை புதைத்தார்கள். நினைக்கவே கூடாது.

14.08, வியாழன்

பனங்களி! பனம்பழத்துக்கே ஒரு கைப்பு உண்டு. மாத்திரை அதற்குள் ஒளிந்துவிடும்.

பிள்ளையிடம் பொய்: "நாளைக்கு மாதா திருநாளெல்லோ. அதுக்கு ஒரு குட்டிக் கேக்."

நிவாரண மா. போத்தலில் மிச்சமிருந்த சீனி முழுவதும். செல்வியின் முட்டை. அப்பச்சோடா ஒரு கிள்ளு. துணியில் வடித்த களி. மாத்திரையைக் கரண்டியால் பொடித்து அதற்குள். தேத்தண்ணி குடிக்கிற இனாமல் பேணியில் ஊற்றி, கொதிக்கிற பானைக்குள் இறக்கி, மூடி, மேலே ஒரு கல். கெதியில் பொங்கி வந்தது. வாசனைக்கு எனக்கே வாயூறியது.

சூடு ஆறப் பேணியை அவள் கையில் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து வேவு விமானம். பின்னாலேயே கிபிர் குண்டுவிமானம். "புகையெல்லே தெரியுது, அடுப்பை அணையுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். வேலி தாண்டி ஓடிவந்த செல்வி மேரியைத் தூக்கிக்கொண்டு, அயல்சனத்தோடு பங்கர் குழிக்குள். நான் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு வர, பங்கருக்கு ஓட நேரமில்லை. பனையடியில் குப்புற. வாய்க்குள் மண். மாதாவே, மாதாவே. வேறு ஜெபம் வரவில்லை. குண்டு தூரத்தில், குளத்துப் பக்கம்.

வெளியே வந்த மேரியின் கையில் வெறும் பேணி. வழித்துத் துடைத்திருந்தது.

"முடிஞ்சுதோ?"

"ஓம் அம்மா."

சத்தியும் இல்லை. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

15.08, வெள்ளி

திருநாள் பூசைக்குப் போகவில்லை. சனம் கூடுகிற இடமென்றாலே பயம். மேரி முற்றத்தில் விளையாட்டு.

செல்வி வந்தாள். "நேத்து கேக்கு நல்லா இருந்திச்சுக்கா."

எந்தக் கேக்?

"பங்கருக்குள்ள பாப்பா ஆளுக்குக் கொஞ்சம் பிச்சுக் குடுத்திச்சே."

கைக்கவில்லையா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "கசப்புத்தான். பனம்பழம் அப்பிடித்தானேன்னு முழுங்கிட்டோம். நல்லாயில்லன்னு எப்பிடிச் சொல்றது?"

மேரியைக் கூப்பிட்டேன். நீ எவ்வளவு சாப்பிட்டனீ?

"எனக்கு மிஞ்சேல்ல அம்மா. பேணியை வழிச்சனான்." தலையைக் குனிந்தாள். "திருநாள் கேக்கெல்லோ. தனியச் சாப்பிட்டாப் பாவம்."

அடிக்கக் கையை ஓங்கினேன். எதற்கென்று அடிப்பது? நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்திருக்கிறாள்.

செல்விக்கு உண்மையைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. என் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், லொறி வந்ததா என்று கேட்க. இன்னும் அவளைக் காணவில்லை.

மத்தியானமாகிவிட்டது. வெயில் கொளுத்துகிறது. மேரி உள்ளே வந்து போர்வை கேட்கிறாள்.