பூவாடைக்காரியின் கல்யாணப் பதிவு

டேய், உன் பையைத் திறந்ததும் இரும்புத் தூள் வாடைதான் முதலில் வந்தது. நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகியும் அது போகவில்லை. "கம்பெனி சாமான் இருந்தா நீங்களே குடுத்துடுங்கண்ணே" என்று உன் மனைவி நேற்று தந்தாள். கையுறைகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம். படித்தேன். கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என் ரயில் வந்தது, போனது.

உன் பூனைக் கண்ணுக்காக உருக்காலையில் உன்னை 'ஒல்லாந்து' என்றுதான் கூப்பிடுவோம். டச்சுக்காரர்கள் போன பிறகும் பழவேற்காட்டிலேயே தங்கிவிட்ட ஒருவன்தான் உன் பாட்டனுக்குப் பாட்டன். வார லீவில் நாங்கள் துணி துவைப்போம். நீ தேவாலயம் தேவாலயமாகப் பழைய பதிவேடுகளைத் தேடி அலைவாய். "அந்த ஆளு முறையா கட்டிக்கினாரா, சும்மா வச்சிக்கினாரா, அது தெரிஞ்சா போதும் மச்சான். எங்கம்மாவ ஊரு பேசுன பேச்சுக்கு ஒரு பதில் வோணும்" என்பாய்.

என் தங்கச்சியைப் பெண் கேட்டாய். அவளுக்கும் விருப்பம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன்: "உன் குலசாமி பேரச் சொல்லு, தர்றோம்." எவ்வளவு திமிர் பார் எனக்கு! அன்றோடு 'மச்சான்' போய் 'நைனா' வந்தது.

அவளுக்கு வேறு இடத்தில் முடிவானபோதும் பந்தலுக்குக் கம்பு தூக்கியவன் நீதான். கல்யாணத்துக்கு முன்னால், அந்தக் காலத்தில் பழவேற்காடு ஏரியில் விழுந்து செத்துப்போன எங்கள் வீட்டுக் கன்னிப் பெண்ணைப் பூவாடைக்காரியாகக் கரையிலிருந்து அழைத்து வந்து, புடவை வைத்துப் படைப்பது வழக்கம். அம்மா தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டாள்: "எட்டியப்பன் மவளே, முத்தாலு, ஊட்டுக்கு வாம்மா!"

பக்கத்தில் நின்ற உனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. ஈரக் காற்று என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் படையல் இலையிடம் போய், "இதுல ஒரு வாய் சாப்பிடட்டுமாம்மா?" என்று கேட்டாய்.

"ஐயோ, அது ஊட்டுப் புள்ளைங்க மட்டும் தொடுற எலப்பா. உனக்குத் தனியா போடுறேன்."

"சரிம்மா" என்று நீட்டிய கையை இழுத்துக்கொண்டாய்.

பிறகொரு நாள், அந்த டச்சுக்காரன் முறையாகக் கட்டிக்கொண்டானா என்று நானாகவே விசாரித்தேன். "கட்டிக்கினாரு நைனா, முறைப்படிதான். பொண்ணு உங்க பக்கந்தான்" என்று சிரித்தாய். நானும் சிரித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

அந்தக் கல்யாணப் பதிவின் நகல்தான் இப்போது என் கையில். மணமகன், உன் டச்சுக்காரன். மணமகள் முத்தாலு. தகப்பன் பெயர் எட்டியப்பன். ஊர், எங்கள் குப்பம். கீழே ஞானஸ்நானம் பெற்ற நான்கு பிள்ளைகள். மூன்றாவது பையன், உன் பாட்டனின் அப்பன்.

அவள் தண்ணீரில் விழவே இல்லையடா! வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு போனவளைச் செத்தவள் என்று சொல்லி, நாங்களே சாமியாக்கிவிட்டோம். கூப்பிடு தூரத்தில் நாலு பிள்ளை பெற்று வாழ்ந்திருக்கிறாள்.

நகல் எடுத்த தேதியைப் பார்த்தேன். தங்கச்சி கல்யாணப் படையலுக்கு ஒரு வாரம் முந்தி; இருபது வருஷத்துக்கும் மேலாகிறது. எல்லாம் தெரிந்துதான் ஒரு வாய் கேட்டிருக்கிறாய். காகிதத்தைக் காட்டியிருந்தால், எங்கள் வீட்டுப் பெண் ஓடிப்போன கதை மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்து கல்யாணமே நின்றிருக்கும் என்றுதான் வாயை மூடிக்கொண்டாயா, பாவி?

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அப்போ இத்தினி வருசமா தண்ணியப் பாத்து யாரடா கூப்ட்டோம்?" என்றாள்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டில் வைத்துத் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். அம்மாவுக்கு முடியாததால், கரையில் நின்று கூப்பிட வேண்டியவன் நான்தான். எனக்கு வாய் வருமா, தெரியவில்லை. உன்னுடைய அந்த 'சரிம்மா' காதிலேயே நிற்கிறது.

உன்னிடம் குலசாமி பெயர் கேட்டேன். எங்கள் சாமி உன் பாட்டியடா. அன்று அம்மா கூப்பிட்டதும் அவள் பிள்ளை நீ வீட்டுக்கு வந்தாய். உனக்குத் தனி இலை போட்டோம்.